கண்டி மலைநாட்டுக் காடும் கோயிலும்

திருக்கோயிற் கும்பாபிஷேகத்தில் முற்பட நிகழும் கிரியைகளுள் மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம் என்னும் இரண்டும் சிறந்தன. பூமிதேவியை வழிபட்டு அனுமதி வேண்டித் தூய மண்ணெடுத்தல் முன்னையது. அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு விதைகளை முளைக்கச் செய்தல் பின்னையது. யாகசாலையிற் பொலியும் கும்பங்களில் நிறைவது ஆறும் குளமும் கிணறும் தந்த நீர். ஓமத்தீயிற் சேர்வன அரசு, அத்தி, பலாசு, வன்னி, கருங்காலி முதலிய மரங்களின் சமித்துகள். மண், விதை, நீர், மரம் என்னும் இந்நான்கும் இன்றிக் கிரியை இல்லை; கோயில் இல்லை; ஊரும் இல்லை. இந்நான்கினையும் பேணாது விட்டவிடத்து மக்கள் வாழ்வு எவ்வாறு தளர்கின்றது என்பதற்கு, இலங்கைத் தீவின் நடுவே ஓங்கி நிற்கும் கண்டி மலைநாட்டின் 200 ஆண்டு வரலாறு தக்க சான்றாக விளங்குகின்றது. தமிழகத்திலிருந்து சென்ற பல்லாயிரம் குடும்பங்களின் கண்ணீரும் உழைப்பும் பக்தியும் அவ்வரலாற்றிற் கலந்திருத்தலின், சைவ அன்பர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

ஆறுகளின் தாயகம்

மலைநாட்டின் மிக உயர்ந்த முடி பிதுருதலாகலை. அதன் உயரம் 2,524 மீட்டர். அதன் தென்மேற்கே சைவரும் பௌத்தரும் பிறரும் ஒருங்கே வழிபடும் சிவனொளிபாதமலை நிற்கின்றது. இம்மலைத் தொகுதியிற் பிறந்து நாற்றிசையும் பாயும் ஆறுகளே தீவின் உயிர்நாடிகள் ஆவன. அவற்றுள் மிக நீண்டதாகிய மகாவலி கங்கை ஏறக்குறைய 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அக்குடாவின் வடபால் கடலை நோக்கிய குன்றின்மேல் விளங்குவது, திருஞானசம்பந்தப் பெருமானாற் பாடப்பெற்ற திருக்கோணேச்சரம். அந்நதியின் கிளையாகிய வெருகல் ஆற்றங்கரையில் சித்திர வேலாயுதர் எழுந்தருளியிருக்கின்றார். தென்கிழக்கே நமுனுகுல மலைத் தொடரில் ஊற்றெடுக்கும் மாணிக்க கங்கையோ கதிர்காமக் கந்தனின் தீர்த்தமாகின்றது. மலைமேல் ஒரு மரம் வீழுமாயின், அதன் பயனைத் தொலைவிலுள்ள தீர்த்தக் கரையும் ஒருநாள் உணரும்.

மலைக்காடு செய்யும் தொண்டினைச் சிறிது நோக்குவோம். பெருமழை பெய்யுங்கால் அடுக்கடுக்காய் அமைந்த இலைக்கூரை துளிகளின் வேகத்தைத் தணிக்கின்றது. நிலத்திற் படிந்த சருகும் மட்கும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக் கொள்கின்றன. வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கின்றன. உறிஞ்சப்பட்ட நீர் மெல்லக் கசிந்து, மழையில்லாத மாதங்களிலும் ஊற்றாய்ப் பெருகுகின்றது. மிக உயர்ந்த இடங்களில் மரங்கள் தவழும் மூடுபனியையும் இலையாலும் பாசியாலும் தடுத்துத் துளித்துளியாக நிலத்துக்கு இறக்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் மலைச்சுனை வற்றாதிருத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வேளாண்மை

கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டு மக்கள் வேளாண்மை அறியாதவர் அல்லர். பள்ளத்தாக்குகளிற் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைத்தனர். வீட்டைச் சூழப் பலாவும் கமுகும் மிளகும் வளர்த்தனர். சரிவுகளிற் காட்டின் ஒரு பகுதியை எரித்துக் குரக்கனும் தினையும் விதைத்து, ஓரிரு போகம் விளைந்தபின் அந்நிலத்தைப் பல ஆண்டு தரிசாக விட்டனர். இதனைச் சேனைப் பயிர் என்பர். கதிர்காமத்துத் தெய்வக் கதையில் வள்ளியம்மை காவல் புரிந்த தினைப்புனமும் காட்டினூடே எழுந்த இத்தகைய புனமே. புனம் சிறிதாகவும் காடு பெரிதாகவும் இருந்த காலத்தில், எரிந்த இடம் மீண்டும் காடாயிற்று. உயர்ந்த மலைமுடிக் காடுகளோ பெரும்பாலும் தீண்டப்படாமல் இருந்தன. அக்காடுகள் கண்டி அரசுக்கு அரணாகவும் அமைந்தன. அரசர் தம் அரண்மனைக்கு மேலிருந்த உடவத்தகலை போன்ற வனங்களை மக்கள் புகாவண்ணம் காத்தனர். அரசர் காத்த அவ்வனம் இன்றும் கண்டி நகரின் நடுவே பசுமையோடு நிற்கின்றது.

கோப்பியும் கோடரியும்

1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. மலையினுள் சாலைகள் அமைந்தன. 1820-களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அருகே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபின் அங்குக் கோப்பி விளைச்சல் குன்றியது. 1835-இல் இங்கிலாந்து இருதிசைக் கோப்பிக்கும் ஒரே அளவான சுங்கம் விதித்தது. இவ்விரண்டும் சேரவே இலங்கைக் கோப்பிக்குப் பெருங்கிராக்கி பிறந்தது. 1840-இல் இயற்றப்பட்ட 12-ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும், விறகும் தேனும் கொண்டும் வாழ்ந்த சிங்களக் கிராமத்தவரிடம் காட்டத்தக்க பத்திரம் இல்லை. ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்னும் மலிந்த விலைக்குக் காடுகள் விற்கப்பட்டன. 1844-இல் அவ்விலை 20 சிலிங்காக உயர்த்தப்படுமுன், பெருநிலங்கள் அரசாங்க உத்தியோகத்தர் முதலாகப் பலர் கைக்கு மாறிவிட்டன.

காடு வெட்டிய முறை கேட்போர் நெஞ்சை நடுக்கும் தன்மையது. மலையடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி விட்டுச் செல்வர். உச்சி வரிசை மரங்களை மட்டும் முற்ற வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை தத்தம் கீழுள்ளவற்றைத் தள்ள, மலைச்சரிவு முழுவதும் ஒரே முழக்கத்தோடு தரையிற் படிந்துவிடும். சில வாரம் உலர்ந்தபின் தீ மூட்டுவர். நூற்றாண்டுகள் வளர்ந்த வனம் ஓரிரு நாளிற் சாம்பலாகும். சாம்பல் கலந்த அம்மண்ணில் முதல் சில ஆண்டு கோப்பி செழித்தது. அச்செழிப்பே மேலும் மேலும் காட்டை வெட்டத் தூண்டிற்று. 1870-களின் இறுதியில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கர் நிலத்திற் கோப்பி நின்றது.

காடு அழிந்தபோது காட்டில் வாழ்ந்தவையும் அழிந்தன. கசமுகக் கடவுளை முதற்கண் வணங்கும் மக்கள் அக்காலத்து யானைகளுக்கு நேர்ந்ததை அறியின் வருந்துவர். யானையைச் சுட்டவர்க்கு அரசாங்கமே பரிசு அளித்தது. பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் தனியொருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். 1845-இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்தார். மலைமுடிகளில் யானைக் கூட்டங்கள் உலவிய காலம் அந்நூற்றாண்டோடு மறைந்தது.

வடபாதையில் வந்தவர்கள்

காடு வெட்டும் வேலையிற் சிங்களக் கிராமத்தவர் பலர் கூலிக்கு ஈடுபட்டனர். ஆயினும் தோட்டத்தில் நாடோறும் நின்று உழைக்க அவர்கள் விரும்பவில்லை. தம் வயலை விட்டு வர அவர்களுக்குத் தேவையும் இல்லை. எனவே தோட்டக்காரர் தமிழகத்தை நோக்கினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறுமையாலும் வறட்சியாலும் உந்தப்பட்ட ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர். தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வறண்ட காட்டினூடே பல நாள் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். குடிநீர் அரிது, மலேரியா, வாந்திபேதி ஆகிய நோய்களோ மிகுதி. வழியிலேயே மாண்டவர் ஆயிரமாயிரவர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை.

அவர்கள் கரையிறங்கிய மன்னாருக்கு அணித்தாகவே பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம் இருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு அப்போது காடு மூடிக் கிடந்தது. 1872-இல் ஆறுமுக நாவலர் அதனைப் புதுப்பிக்க வேண்டுமென்று மக்களைத் தூண்டினார். ஆயின் 1840-களில் அவ்வழியே நடந்த ஏழைகளுக்கு, தம் மூதாதையர் போற்றிய பெருமான் அருகிலே மண்ணுள் மறைந்திருப்பது தெரிந்திராது. அவர்கள் நெஞ்சிற் சுமந்து வந்த தெய்வங்கள் மாரியம்மனும் முருகனும் முனியாண்டியும் மாடசாமியுமே.

மலையேறியதும் அவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுத் தெய்வமாக வழிபட்டனர். மலையகக் கோயில்கள் பலவற்றின் தொடக்கம் இதுவே. மழைக்குத் தெய்வமாகிய மாரியம்மன், காடு அழிந்த மலையில் மக்களைக் காக்கும் தாயானாள். வடபாதை மலையைத் தொடும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்து, இன்று மாசிமகப் பஞ்சரத பவனியாற் புகழ்பெற்று விளங்குகின்றது. பின்னாளில் தேயிலை வந்தபோது தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனியையும், செடி கத்தரிக்கும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமியையும் காவலாகக் கொண்டு அம்மக்கள் பூசை செய்தனர். கருவிக்கும் ஒரு தெய்வம் கண்ட அவர்தம் பக்தியை எளிதாக எண்ணலாகாது. ஆபத்து நிறைந்த வேலையில் அவர்க்கிருந்த காப்பு அது ஒன்றே.

மண் கொடுத்த தண்டனை

கோப்பித் தோட்டத்தில் ஒரு புல்லும் முளையாதபடி களை எடுத்தல் நல்ல துரைத்தனத்துக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. செங்குத்தான சரிவில் வெறுமையாய்க் கிடந்த மண்ணைப் பருவமழை ஆண்டுதோறும் அரித்துச் சென்றது. நூற்றாண்டுகளாகக் காடு சேர்த்து வைத்த மேல்மண் ஓடைகளில் இறங்கிற்று. கீழே பள்ளத்தாக்கு வயல்களில் மணலும் சேறும் படிந்தன. மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் நீர்க்குறைவும் தோன்றின. மேலே தோட்டக்காரனின் இலாபம், கீழே உழவனின் நட்டமாயிற்று.

1869-இல் மதுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப்படும் பூஞ்சணத்தால் வந்த இலைத்துரு நோய். முதலிற் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நோய் ஆண்டுதோறும் பரவி விளைச்சலைக் குறைத்தது. 1880-இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர், பூஞ்சண வித்துகள் காற்றினாற் பரவுகின்றன என்று காட்டினார். இடையே காடு என்னும் தடுப்பின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழியைத் திறந்து விட்டது. காட்டில் நூறு வகை மரம் நிற்கும். ஒன்றைப் பற்றிய நோய் அடுத்ததைப் பற்றாது நிற்கும். ஒரே செடி நின்ற மலையில் ஒரு நோயே போதுமானதாயிற்று. 1880-களின் முடிவிற் கோப்பித் தொழில் குலைந்தது. 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டக்காரர் பலர் கடனாளிகளாயினர். கூலி கிடைக்காமற் பட்டினி கிடந்த தொழிலாளர் துன்பமோ கணக்கில் அடங்காது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்கு அஞ்சி ஓடிவந்தோர், இங்கும் மண் கைவிட்ட காலத்தையே கண்டனர்.

தேயிலைக் காலம்

ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873-இல் ஏற்றுமதியான தேயிலை 23 இறாத்தல். அந்நூற்றாண்டு முடிவதற்குள் 3,00,000 ஏக்கருக்கு மேல் தேயிலை பரவிற்று. கோப்பி ஏறாத உயரங்களிலும் தேயிலை ஏறியது. எனவே எஞ்சியிருந்த மலைக்காடும் குறைந்தது. 1867-இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை 1924-இற் பதுளை வரை சென்றது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழ் மக்கள் மலையிலேயே நிலைகொண்டனர். சரிவுகளை வெட்டிச் சமன்செய்து அமைத்த லயங்கள் அவர்தம் குடியிருப்பாயின. பத்தடி அறையிற் பிறந்து, அதிலேயே வளர்ந்து, அதிலேயே மறைந்த தலைமுறைகள் பல.

இவ்வரலாற்றில் எச்சரிக்கைக் குரல் எழாமல் இல்லை. 1873-இல் புகழ்பெற்ற தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டுமென அறிவுறுத்தினார். அவ்வறிவுரையை ஏற்று, அவ்வுயரத்துக்கு மேலான முடிக்குரிய காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. இன்று ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைச் சாரலும் பசுமையாய் நிற்றற்கு அத்தடை ஒரு காரணம். ஹோட்டன் சமவெளி 1988-இல் தேசிய வனமாயிற்று. 2010-இல் மத்திய மலைநாட்டுக் காடுகள் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் சுரக்கும் இடம் இதுவே. ஒரு காலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆணை பல தலைமுறைக்கு நீர் வார்க்கின்றது.

விடுதலைக்குப் பின் 1951-இல் மண் பேணற் சட்டம் பிறந்தது. ஆயினும் தீவின் நிலப்பரப்பில் 1956-இல் ஏறக்குறைய 44 விழுக்காடாக இருந்த காடு, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. மலைநாட்டிற் செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடப்பட்டபோது மண்ணரிப்பு மேலும் மிகுந்தது. நன்கு பராமரித்த தேயிலை நிலத்தை மூடிக் காக்கும்; செடி செத்து இடைவெளி விழுந்த தேயிலையும், ஆண்டுக்குப் பலமுறை கிளறப்படும் காய்கறிப் பாத்தியும் அவ்வாறு காவா. மகாவலியின் குறுக்கே 1976-இற் பொல்கொல்லையிலும் 1985-இல் விக்டோரியாவிலும், அதன் துணையாற்றின் குறுக்கே 1985-இல் கொத்மலையிலும் அணைகள் அமைந்தன. மேலே அரித்த மண் அவற்றுட் சென்று படிந்தது. பொல்கொல்லை நீர்த்தேக்கம் சில ஆண்டுகளுக்குள்ளேயே தன் கொள்ளளவிற் பெரும்பகுதியை வண்டலுக்கு இழந்தது. மலைக்காட்டின் இழப்பு அங்ஙனம் சமவெளியின் விளக்கொளியையும் வயலையும் ஒருங்கே தீண்டிற்று.

மீரியபெத்தை

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்களும் அங்கிருந்த கோயிலும் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக இடமும் சொந்த நிலமும் இல்லாத மக்கள் அங்கேயே தங்கினர். மழை மிகுதியே நேர்க்காரணம் எனினும், ஆழவேரோடிய காட்டை இழந்து வடிகால் சீர்குலைந்த சரிவு மழையைத் தாங்கும் வலிமையை இழந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். அக்காட்டை விற்றவரும் வாங்கியவரும் அன்று அங்கில்லை. அம்மண்ணுக்கு உழைத்தவரின் வழித்தோன்றல்களே மண்ணுள் அடங்கினர். காடழிவின் கடனைப் பெரும்பாலும் செலுத்துவோர், அதனால் ஊதியம் பெறாதவரே என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பெரும்பாடம்.

இதனால் உழவும் தோட்டத் தொழிலும் தீயன என்று கொள்ளலாகாது. உழவின்றி உலகில்லை, அடியார்க்கு அமுதும் இறைவற்கு நிவேதனமும் உழவர் கையிலிருந்து வருவனவே. எந்நிலத்திற் பயிரிடுவது, எந்நிலத்தைக் காடாக விடுவது என்னும் பகுத்தறிவு தவறியதே பிழை. பள்ளத்தில் வயலும், சரிவில் மரங்கலந்த தோட்டமும், முடியில் காடும் என்றிருந்த பழைய ஒழுங்கு அறிவின் வழி அமைந்தது. சரிவுக்குக் குறுக்கே வரப்பும் கல்லணையும் கோலுதல், ஓடைக் கரைகளில் மரம் விடுதல், தேயிலையின் இடையே நிழல்மரம் வளர்த்தல், களைக்குப் பதிலாக மண்மூடும் செடி விதைத்தல் ஆகியன இன்று செய்யத்தக்கன. அவை செய்யப்படும் தோட்டங்களில் மண் நிலைக்கின்றது.

கோயில்களுக்கு இதிற் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு விருட்சத்தை முன்னோர் வகுத்தனர். தில்லைமரம் சிதம்பர நகரில் அருகிப் போயினும் பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் காடாய் நிற்கின்றது. தலமரம் ஒன்றே எஞ்சுமாறு விடாமல், அதன் இனம் வாழும் காட்டையும் காத்தல் வழிபாட்டின் பகுதியாக வேண்டும். மலையகத்திற் கோயிலுக்கு மேலுள்ள ஊற்றுக்கண்ணைச் சூழ நூறு மரம் வளர்த்துக் காப்பது, ஒரு மண்டபம் கட்டுவதற்கு ஈடான திருப்பணி. திருக்குளத்தைத் தூர்வாருவதும், அதற்கு வரும் நீர்வழியைத் திறந்து வைப்பதும், ஆபத்தான சரிவில் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடமைத்துக் கொடுப்பதும் சிவபுண்ணியமே. பொன்னும் பொருளும் வழங்கிக் கோபுரத்தை உயர்த்திய அன்பர்கள் இத்திருப்பணிகளையும் தம் அறக்கணக்கிற் சேர்ப்பாராக.

பெயரின்றி வடபாதையில் மாண்டவர்க்கும், மலைச்சரிவில் மறைந்தவர்க்கும் செய்யத்தக்க சிறந்த நினைவு இதுவேயாகும். அவர்கள் நட்ட கல்லே இன்று கோபுரமாயிற்று. அவர்தம் வழிவந்தோர் காலடியில் மண் நிலைத்து நிற்கச் செய்வது இத்தலைமுறையின் கடன். மழை பருவந்தவறாது பொழிக, மலை நிலைபெறுக, ஆறுகள் தூய்மையோடு ஓடுக, மக்கள் குறைவின்றி வாழ்க. திருவருள் துணைநிற்க.